டைரோசினா, தைரோசினா? வியாழனுக்குள் சொல்லுங்கள்

மண்டபம், ஆசிரியை:
வணக்கம். வியாழக்கிழமை கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு உடல்நல வகுப்பு. அவர்களில் ஓர் அக்கா, விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் ஒரு டப்பாவை நீட்டினார். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்ததாம். 'எல்-டைரோசின், 500 மில்லிகிராம். மனநிலை, கவனம், மன அழுத்தம்.' துண்டறிக்கையில் சப்ளிமென்ட்டைக் 'குறைநிரப்பி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
டகரம் மொழிமுதல் ஆகாது, அம்மா. 'தைரோசின்' என்க. அதுவும் அரைகுறைதான். 1846இல் செருமானிய வேதியியலாளர் லீபிக் பாலாடைக்கட்டிப் புரதத்திலிருந்து பிரித்த அமினோ அமிலம் அது. கிரேக்கப் பெயருக்கும் பாலாடைக்கட்டி என்றே பொருள். ஆகவே 'கட்டியமிலம்'. கருப்புக்கட்டி கருப்பட்டியானதை நோக்குக. கட்டு, கட்டி, கட்டுமரம் எல்லாம் ஒரே வேர்...

கீழக்கரை, மருந்துக்கடை:
ஐயா, கட்டுமரத்தைக் கரையில் விடுங்கள். 'கட்டி' என்று அச்சடித்தால் வகுப்பு முடியும் முன்பே பாதிப் பேர் ஸ்கேன் எடுக்கப் போய்விடுவார்கள். 'தைரோசின்' அதைவிட ஆபத்து. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள். "அதுதானே இது" என்று அதை நிறுத்திவிட்டு இதை விழுங்கினால்? உடம்பு தைராக்சினைச் செய்வதே டைரோசினை வைத்துத்தான். தைராய்டு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. டகரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

தேவிபட்டினம்:
எனில் 'இடைரோசின்'.

தொண்டி, மீன் வியாபாரம்:
இடுப்பு வலிக்கா, ஐயா?

இராமநாதபுரம், உயிர்வேதியியல் ஆசிரியர்:
எனக்கு உறுத்துவது 'குறைநிரப்பி'தான். இதில் யாருக்கு என்ன குறை? பினைல்அலனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலிருந்து உடம்பே டைரோசினைச் செய்துகொள்கிறது. மீனிலும் முட்டையிலும் வேண்டிய அளவு இருக்கிறது. பினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். மூளையில் செய்தி கடத்தும் டோபமினும் நார்அட்ரினலினும் இதிலிருந்து உண்டாவது உண்மை. அதற்காக மனச்சோர்வு தீரும் என்று ஆகாது. கடுங்குளிரிலும் தூக்கமில்லாமலும் ஆட்களை வைத்துச் செய்த சில சோதனைகளில் நினைவாற்றல் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, அவ்வளவே. குறைநிரப்பி என்று நாமே எழுதினால், இல்லாத குறையை விற்பவனுக்கு எடுத்துக்கொடுத்த மாதிரி. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்ற வள்ளுவர் மிகுதியைத்தானே முதலில் வைத்தார்? 'துணையூட்டம்' போதும்.

தொண்டி:
எங்கள் ஏலத்தில் மேலே போடுகிற நாலு மீனுக்குக் கொசுறு என்று பேர். அதையே வைக்கலாமே?

தேவிபட்டினம்:
கொசுறு தெலுங்கு.

கீழக்கரை:
அப்புறம், 'மனநிலை' வேண்டாம். இந்தப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். டப்பா வைத்திருக்கிற அக்கா அதை ஒளித்துவிடுவார். 'மனத்தெம்பு' என்று போடுங்கள்.

மண்டபம்:
நன்றி காக்கா. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்: 'டைரோசின், துணையூட்ட மாத்திரை'. மனத்தெம்பும் உண்டு. பெண்கள் ஏற்கெனவே 'துபாய் மாத்திரை' என்றுதான் சொல்கிறார்கள்.

தேவிபட்டினம்:
டகரத்துக்கு என் எதிர்ப்பு நிற்கிறது. துணையூட்டத்தில் துணை என்பதன் வேரைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.