எங்கள் ஊர்க் குதிரைத் திடலில் ஓடியது குதிரையா, மாடா?

குளக்கட்டு:
எங்கள் ஊர் மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதியில் இருந்து உள்ளுக்கு. குளத்துக்குப் பின்னால் கால் மைல் நீளத்துக்கு நேராக ஒரு மணல்தரை. பெயர் குதிரைத் திடல். சண்டைக்குப் பிறகு பல வருடம் மண்டையோட்டுப் பலகை நட்டபடியே கிடந்த இடம். கண்ணிவெடி எடுத்து முடித்து இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். பற்றை வெட்டும்போது ஒரு லாடம் கிடைத்தது, படம் கீழே. "துரைமார் வந்திருந்து பார்க்கக் குதிரை ஓடின இடம்" என்று அப்பம்மா சொல்லுவா. வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் குதிரைப்படை பழகிய திடல்தான் பிறகு பந்தயத் திடலானது என்று கோயில் மலரில் எழுதப்போகிறேன். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அச்சுக்குப் போன பிறகு வேண்டாம்.

பாலைநிழல்:
இருக்கிறது தம்பி. பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கச்சிலைமடுவில் ஆங்கிலேயப் படைக் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதும் பதிவில் உள்ளவை. இதில் குதிரைப்படை எங்கே இருந்து வந்தது? வன்னித் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது யானை. வடக்கில் குதிரை வளர்த்த இடம் நெடுந்தீவு. லாயத்துத் தூண்கள் இன்னும் நிற்கின்றன, குதிரைகளும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. பந்தயம் என்றால் கொழும்பு, நுவரெலியா. 1893இல் திறந்த கொழும்புத் திடலில் ஓடுபாதை சுற்றிவளைந்து வரும். உங்களுடையது நேர்கோடு. நேர்கோட்டில் ஓடுவது என்ன என்று வட்டக்கச்சிப் பக்கம் யாரையும் கேளுங்கள்.

குளக்கட்டு:
மாட்டுவண்டிச் சவாரிப் பந்தயம் என்கிறீர்கள். எங்களுக்கு என்று ஒன்று கிடைத்தால் போதும், அதைக் கொண்டுபோய் மாட்டில் கட்டிவிடுகிறீர்கள் அண்ணை. கொழும்பில் எழுதிவைக்கத் துரைமார் இருந்தார்கள். இங்கே எழுதி வைத்திருந்தவையும் காணி உறுதிகளோடு இடப்பெயர்வில் வழியிலேயே போய்விட்டன. எழுத்தில் இல்லாவிட்டால் நடக்கவில்லையா? லாடத்துக்கு என்ன பதில்?

சவாரிக்காரன் மகள்:
லாடத்துக்கு நான் சொல்கிறேன். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும். அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, ஒவ்வொன்றும் பிறைத்துண்டு மாதிரி. குதிரைக்கு ஒரே வளைவு. படத்தில் எனக்குத் தெரிவது துண்டுதான். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் துருவைத் தேய்த்துப் பாருங்கள். முறிந்த லாடம் என்றால் ஒரு நுனி கரடுமுரடாக இருக்கும்.

ஈச்சம்பற்றை:
முழு லாடமாகவே இருந்தாலும் என்ன? அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் ஊர் பார்க்கக் குதிரையில்தான் வந்தார்கள். ஒரு குதிரை நடந்து போனால் பந்தயமா? எங்கள் வளவுக்குள் ஒருமுறை ஹெலி இறங்கியது. அதற்காக அதை விமான நிலையம் என்று நாங்கள் சொல்லவில்லை.

பாலைநிழல்:
கொழும்புக் குதிரைத் திடலுக்கு அந்த யோகம் உண்மையாகவே வாய்த்தது. 1942இல் அது விமானத் தளம். யப்பான்காரன் குண்டு போட வந்தபோது சண்டை விமானங்கள் அங்கிருந்தும் ஏறின.

ஈச்சம்பற்றை:
அண்ணை, திடலை விட்டு எழும்பாதேங்கோ.

குளக்கட்டு:
இரண்டு நாள் மண்ணெண்ணெயில் போட்டு எடுத்தேன். பிறை வடிவம்தான். இரண்டு நுனியும் வழுவழுப்பு, ஆணித்துளை வெளி ஓரத்தில் மட்டும். சரி, மாடு. பண்டாரவன்னியனையும் கட்டுரையில் இருந்து எடுத்துவிட்டேன். அப்புறம் பெயர் எப்படி வந்தது? அப்பம்மாவுக்கு மாட்டுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாதா?

சவாரிக்காரன் மகள்:
அப்பாவிடம் இருந்த சோடியில் இடப்பக்கத்து மாட்டின் பெயர் குதிரை. தடியை ஓங்க முன்னமே பாயும். அது செத்து முப்பது வருடம், இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் "குதிரை வைத்திருந்தவரின் மகள்" என்றுதான் சொல்லுவார்கள். உங்கள் அப்பம்மா சொன்னதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

குளக்கட்டு:
ஒரு மாட்டுக்காக ஒரு திடலுக்கே பெயர் வைப்பார்களா?

சவாரிக்காரன் மகள்:
தம்பி சவாரி பார்த்ததில்லைப் போல.