இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) கேஸ்ல நிலம் நம்ம அனுபவத்துலதான், அதாவது நம்ம கைவசம்தான் இருக்குன்னு எப்படி நிரூபிக்கிறது?

கரிசல்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா கிரயம் வாங்குன புஞ்சை, அவர் தவறுனப்புறம் எங்க பேருக்கு பட்டா மாறிடுச்சு. பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக்கல்லைப் புடுங்கிப் போட்டு தகராறு பண்றார்னு முன்சீப் கோர்ட்ல ஓஎஸ் (அசல் வழக்கு) போட்டு, இடைக்காலத் தடைக்கு ஐஏவும் (இடைக்கால மனு) போட்டிருக்கோம். அவர் கவுன்டர்ல (பதில் மனுவுல) 'நிலம் பல வருஷமா என் சுவாதீனத்துல (கைவசத்துல) இருக்கு, நான்தான் உழுது பயிர் வைக்கிறேன்'னு எழுதிட்டார். எங்ககிட்ட பத்திரம், பட்டா இருக்கு, வக்கீல் 'அனுபவத்துக்கு என்ன இருக்கு'ன்னு கேக்கறார். பட்டா இருந்தாலே அனுபவம் நம்மளோடதுன்னு ஆகாதா? மழை இல்லாம ரெண்டு வருஷமா தரிசா வேற கிடக்கு.

வாய்தாராஜா:
ஆகாதுங்க. பட்டா வருவாய்த்துறை கணக்கு, அது துணைக்கு நிக்கும், அதுமட்டும் பத்தாது. கேஸ் போட்ட தேதியில நிலம் யார் கையில இருந்துச்சுங்கறதுதான் கோர்ட்டுக்கு வேணும். மொதல்ல அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்னு விஏஓ எழுதுற கணக்கு) நகல் வாங்குங்க, பசலி (வருவாய்த்துறை கணக்கு வருஷம்) வாரியா. பசலி ஜூலை 1ல ஆரம்பிக்கும், நம்ம வருஷத்துல 590 கழிச்சா வரும், 2024 ஜூலைன்னா பசலி 1434. அடங்கல்ல 'தரிசு'ன்னு இருந்தா பயப்படாதீங்க, அது உங்களுக்குத்தான் நல்லது, ஏன்னா அவர் பல வருஷமா பயிர் வச்சேன்னு சொல்றாரே, அப்ப அந்தப் பயிர் கணக்குல எங்க போச்சுன்னு கேக்கலாம். கூடவே கிஸ்து (நிலவரி) ரசீது, சொசைட்டில வாங்குன பயிர்க்கடன், சர்வே நம்பர் போட்ட பயிர் இன்சூரன்ஸ், கிணறு இருந்தா ஈபி கனெக்‌ஷன், எது கிடைச்சாலும் எடுங்க, ஆனா எல்லாம் தகராறுக்கு முந்தின தேதியா இருக்கணும். தகராறு வந்தப்புறம் விஏஓகிட்ட போய் எழுதி வாங்குற சர்டிஃபிகேட்டை ஜட்ஜ் பெருசா மதிக்க மாட்டார்.

மம்பட்டி:
இவ்ளோ எதுக்கு, ஒரு அட்வகேட் கமிஷனரை (கோர்ட் நேர்ல பாத்துட்டு வரச் சொல்லி அனுப்புற வக்கீல்) போடச் சொல்லுங்க, நேர்ல வந்து பாத்துட்டு நீங்கதான் அனுபவிக்கிறீங்கன்னு ரிப்போர்ட் குடுத்துடுவார், முடிஞ்சுது.

வாய்தாராஜா:
@மம்பட்டி அதுக்கு கமிஷனர் போட மாட்டாங்க ப்ரோ. யார் அனுபவம்னு முடிவு பண்றது கோர்ட் வேலை, கட்சிக்காரருக்கு சாட்சியம் தேடித் தர்றது கமிஷனர் வேலை இல்லன்னு ஐகோர்ட் எத்தனையோ தடவை சொல்லிடுச்சு. ஆனா கல்லு புடுங்குன கேஸ்ங்கறதால, சர்வேயரோட வந்து எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே நம்பரோட புல அளவு வரைபடம்) வச்சு அளந்து எல்லையைக் காட்டுறதுக்கு மனு போடலாம், அது பிரயோஜனம்.

பழைய குமாஸ்தா:
யாரும் முக்கியமானதைக் கேக்கலையே. தம்பி, அவர் ஏற்கனவே உள்ள வந்துட்டாரா, இல்ல வரப் பாக்கறாரா?

கரிசல்காட்டான்:
ஐயா, தெக்குப் பக்கம் கொஞ்சம் உழுதுட்டார், ஒரு பத்து சென்ட் இருக்கும். கேஸ் போடறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. மீதி அப்படியே காலியாதான் இருக்கு.

பழைய குமாஸ்தா:
அப்ப உடனே வக்கீல்கிட்ட இதைச் சொல்லுங்க, மறைக்காதீங்க. கையில இல்லாத இடத்துக்கு வெறும் தடை கேட்டா நிக்காது, அந்தப் பத்து சென்ட்டுக்கு சுவாதீனம் மீட்பு கேக்கணும். உங்க இடத்துல இருந்து உங்களை வெளிய தள்ளி 6 மாசத்துக்குள்ளன்னா, தனிக்குறை தீர்வுச் சட்டம், அதான் 1963ம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட், அதுல பிரிவு 6ன்னு ஒரு வழி இருக்கு, பட்டம் (சொத்துரிமை) யாருதுன்னு பாக்காம சுவாதீனத்தை மட்டும் பாத்து திருப்பிக் குடுப்பாங்க. அது தனி வழக்கா, இல்ல இதே பிராதை (வழக்கு மனுவை) திருத்தி மீட்பு சேக்கறதான்னு வக்கீல் முடிவு பண்ணட்டும், நாள் மட்டும் ஓட விடாதீங்க.

மீதி காலி நிலத்துக்கு பத்திரம் யார்கிட்ட இருக்கோ அவர் சுவாதீனத்துல இருக்கறதா எடுத்துக்குவாங்க, அனதுலா சுதாகர் எதிர் புச்சி ரெட்டி கேஸ்ல 2008ல சுப்ரீம் கோர்ட் இதை விவரமா சொல்லியிருக்கு. அதே தீர்ப்புல, எதிராளி உங்க பட்டத்தையே கிளப்பி அதுல உண்மையா ஒரு சிக்கல் இருந்தா விளம்புகையும் (சொத்து உங்களோடதுன்னு கோர்ட் அறிவிக்கறது) சேத்துக் கேக்கணும்னும் இருக்கு. கவுன்டர்ல அவர் உங்க பத்திரத்தை மறுக்கிறாரா, இல்ல அனுபவத்தை மட்டுமா?

கரிசல்காட்டான்:
அனுபவம் மட்டும்தான் ஐயா, பத்திரத்தைப் பத்தி வாயே திறக்கல. செல்போன்ல எடுத்த போட்டோ சிலது இருக்கு, கல்லு நட்டிருக்கறது தெரியும், அது செல்லுமா?

பழைய குமாஸ்தா:
செல்லும், மின்னணு ஆவணத்துக்கான சர்டிஃபிகேட்டோட குடுக்கணும். முன்ன பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 65பி, இப்ப புது சாட்சியச் சட்டத்துல பிரிவு 63. எடுத்த போனை மாத்திடாதீங்க, ஒரிஜினல் ஃபைல் அதுலயே இருக்கட்டும்.