கோல்கொண்டேவைப் பார்த்து அடுக்ககம் கட்டலாமா?

முத்தியால்பேட்டை வாசி:
லாஸ்பேட்டையில் எங்கள் பூர்வீக மனையில் எட்டு வீடுகள் எழுப்பப் போகிறோம். கட்டுநர் காட்டிய வரைபடத்தில் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தச் சூட்டைத் தணிக்க அறைக்கு அறை ஏசி! புதுச்சேரி டூமா வீதியில் கோல்கொண்டே கண்ணெதிரே நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமவாசிகள் தங்கக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். 1937-இல் வேலை தொடங்கியது. அவருடன் வேலை செய்த ஜார்ஜ் நாகாஷிமாவும் பிரான்டிசேக் சாமரும் இங்கேயே தங்கிக் கட்டினார்கள். சுவருக்குப் பதில் திருப்பும் பலகைகள் வைத்துக் காற்றை உள்ளே விடும் அந்த முறையில் நாம் ஏன் கட்டக் கூடாது?

கடலூர் கணக்கன்:
கட்டலாம், நிஜாம் பணம் கொடுத்தால். நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி முயற்சியால் ஹைதராபாத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வந்தது. பெயரே அதைச் சொல்லும்: ஹைதராபாத்தின் கோல்கொண்டாதான் பிரெஞ்சில் கோல்கொண்டே. வேலையில் பெரும்பங்கு கூலி வாங்காத ஆசிரமச் சாதகர்களுடையது. நீங்கள் தினக்கூலி கொடுக்க வேண்டும் சார். அது போக, கோல்கொண்டே விடுதி. அறைக்கு ஒருவர், சாப்பாடு பொது உணவுக்கூடத்தில். பலகைச் சந்து வழியே காற்று வரும் என்றால் பக்கத்து வீட்டு நெத்திலிக் கருவாட்டு வாசனையும், மாமியார் மருமகள் சண்டையும் வரும்.

சாந்துக்கரண்டி:
கணக்கரே, கருவாட்டை விடுங்கள். அந்தக் கட்டடத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வடக்கிலும் தெற்கிலும் தரையிலிருந்து மேல்தளம் வரை லூவர் எனப்படும் சாய்வுப் பலகைகள். பித்தளைப் பிடியைத் திருப்பினால் ஒரு வரிசை முழுதும் சாயும். வெயில் தடைபடும், காற்று நிற்காது. நடைபாதை வடக்கே, அறைகள் தெற்கே. இரண்டுக்கும் நடுவே தேக்கில் இழுவைக் கதவு. அதன் சட்டங்களுக்கிடையே காற்று புகும், பார்வை புகாது. வடக்குத் தோட்டத்தில் மர நிழல் அடர்த்தி, தெற்கில் வெட்டவெளி அதிகம். குளிர்ந்த பக்கத்துக் காற்று சூடான பக்கம் இழுபடும். கூரையிலும் கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த ஓடுகள், நடுவே காற்றிடைவெளி. இதில் எதற்குச் சார் நிஜாம் வேண்டும்? திசை பார்த்து வைப்பதற்குக் காசு கிடையாது.

கடலூர் கணக்கன்:
மனை கிழக்கு மேற்காக நீளமாக இருந்தால்தான் அந்தத் திசை வாய்க்கும். லாஸ்பேட்டையில் எத்தனை மனை அப்படி? அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். இன்று யாரும் அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறிய காலையில், இறுக்கி மூடிய ஜன்னல் இடுக்கிலேயே எங்கள் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் தேங்கியது. சுவருக்குப் பதில் பலகை வைப்பவருக்குத் துணிச்சல் அதிகம்.

முத்தியால்பேட்டை வாசி:
மனை நீளவாக்கில்தான் இருக்கிறது, ஐயா. குறுகிய பக்கம்தான் மேற்கு. அங்கே கண்ணாடியை எடுத்துவிட்டு மாடிப்படியை வைத்துவிடலாம்.

சாந்துக்கரண்டி:
அதுதான் வழி. பலகையை அலுமினியத்தில் செய்யுங்கள், வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். உள்ளே ஓர் இழுவைக் கதவு இருந்தால் புயலன்று அதைச் சாத்திக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: உப்புக்காற்றில் திருப்பும் பிடி இறுகும். எண்ணெய் போட ஆள் உண்டா என்று எட்டு வீட்டுக்காரர்களையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஆசிரமத்தில் அதற்கு ஆள் இருக்கிறது.

கடலூர் கணக்கன்:
எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மோட்டார் பில் கட்டியதை நான் பார்த்ததில்லை. கொசுவலையை எந்தப் பக்கம் மாட்டுவீர்கள் என்றும் இன்னும் யாரும் சொல்லவில்லை.