தேதி தாண்டிய கர்ப்பம்: வலி வரவைப்பதா, பொறுப்பதா?

லேபர் வார்டு செவிலியர்:
முதல் பிரசவம். "42 வாரம் முடிஞ்சிருச்சு, வலி வர உடனே ஜெல் வைங்க" என்று மாமியார் விடவே இல்லை. ஃபைலின் அடியில் நாலாக மடித்த 12ஆம் வார ஸ்கேன் தாள். அதன்படி 40 வாரம் 2 நாள்தான்! அந்தப் பெண்ணுக்கு 40 நாளைக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு. 28 நாள் கணக்குப் போட்டால் 12 நாள் கூடத்தான் காட்டும். 9 முதல் 13 வார ஸ்கேனுக்கும் மாதவிலக்குக் கணக்குக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியே சரி. எட்டாம் மாத ஸ்கேனைப் பார்த்துத் தேதியை மாற்றாதீர்கள், அது மூன்று வாரம்கூட முன்பின் ஆகும். பொறுக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

கிராம சுகாதார செவிலியர்:
வலி வரவைக்க வீட்டில் கொடுக்கும் விளக்கெண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லையே. 41ஆம் வாரம், ராத்திரி அரை டம்ளர் எண்ணெயைப் பாலில் கலந்து கொடுத்துவிட்டார்கள். விடிய விடியப் பேதி. வரும்போது நாக்கு வறண்டு, நாடி 120. வயிறு இறுகி இறுகி விடுகிறது, உள் பரிசோதனை செய்து பார்த்தால் கர்ப்பப்பை வாய் திறக்கவே இல்லை. எண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் குடலோடு சேர்த்துக் கர்ப்பப்பையையும் சுருக்கும். எவ்வளவு சுருங்கும், எப்போது நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. வீட்டில் குழந்தையின் துடிப்பைக் கேட்கவும் ஆளில்லை.

மகப்பேறு மருத்துவர்:
முதலில் எழுதிய சிஸ்டர், ஜெல் வைக்காதது சரி. ஆனால் "பொறுங்கள்" என்பதோடு விட முடியாது. என்.எஸ்.டி. (குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்களா, ஸ்கேனில் பனிக்குட நீர் பார்த்தார்களா? நீர் ஆழமான இடத்திலேயே 2 செ.மீ.க்குக் கீழே என்றால் பொறுக்கக் கூடாது. தேதி உறுதியாக 41 வாரம் முடிந்தால் வலி வரவைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடுகிறது.

எதைக் கொண்டு என்பதைக் கர்ப்பப்பை வாய்தான் சொல்லும். விரல் நுழைந்தால் முதலில் ஸ்வீப்: பனிக்குடச் சவ்வை வாயைச் சுற்றி விரலால் விலக்கிவிடுவது. கொஞ்சம் ரத்தக் கசிவும் ஒழுங்கில்லாத வலியும் வரும், பயம் வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இருந்தால் தொடவே கூடாது. பிஷப் ஸ்கோர் (கர்ப்பப்பை வாய் எவ்வளவு பக்குவம் என்று சொல்லும் மதிப்பெண்) 6 அல்லது அதற்குக் கீழே என்றால் வாயைப் பக்குவப்படுத்த வேண்டும்: கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே வைக்கும் ஃபோலி குழாயின் பலூனில் 30 முதல் 60 மி.லி. நீர், அல்லது வாயைப் பக்குவப்படுத்தும் மிசோப்ரோஸ்டால் மருந்து, குடிக்க 25 மைக்ரோகிராம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. முன்பு சிசேரியன் ஆனவருக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது, கர்ப்பப்பைத் தழும்பு கிழியலாம். ஜெல் வைத்து 6 மணி நேரம் ஆகாமல் வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் டிரிப் தொடங்காதீர்கள். பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் டிரிப்பை நிறுத்தி இடப்பக்கம் படுக்க வையுங்கள்.

லேபர் வார்டு செவிலியர்:
இரண்டும் பார்த்தார்கள் டாக்டர், நன்றாகவே இருந்தன. 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை எட்டாக உடைக்கும் இடங்களுக்கு ஒன்று: துண்டுகள் சமமாக வராது. 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி 25 மி.லி. அளந்து கொடுங்கள்.