கலிஃபோர்னியாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: வீட்ல ஒருத்தருக்கு மனசு சரியில்லன்னா யார் கையெழுத்து போடறது?

கேள்வி: அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரமா ஒரு யோசனை வேணும். எங்க கொழுந்தனார் எம்.எஸ். படிக்க வந்து எங்க வீட்லயே தங்கியிருக்கார். கொஞ்ச நாளா ரூமை விட்டு வர்றதில்ல, யாரோ பேசறாங்கன்னு சொல்றார், நான் சமைச்சா தொட மாட்டேங்கறார். டாக்டர்கிட்ட போலாம்னா கோபம். ஊர்ல இருந்தா மாமனார் கையெழுத்து போட்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருப்பார். இங்க எங்க போன் பண்ணாலும் "அவரையே பேசச் சொல்லுங்க"ன்னு வச்சிடறாங்க. என்ன பண்றது?

பதில்: தங்கச்சி, பயப்படாதீங்க, ஆனா தள்ளியும் போடாதீங்க. நான் இங்க பல வருஷமா இருக்கேன். நம்ம ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்புக்குப் போய்ப் போய்ப் பழகினதைச் சொல்றேன். நான் வக்கீல் இல்ல.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க. இந்த மாநிலத்துல 18 வயசு ஆனவருக்காக அப்பா, அண்ணன், பொண்டாட்டி யாரும் கையெழுத்து போட்டு மனநல வார்டுல சேர்க்க முடியாது. அதுக்குக் காரணம் 1967ல வந்த லாண்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டம். சுருக்கமா எல்.பி.எஸ். கையெழுத்து போட்டது அப்போ கவர்னரா இருந்த ரொனால்ட் ரீகன். அதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு கொண்டுபோய் அடைச்சு, வருஷக்கணக்கா மாநில ஆஸ்பத்திரியிலயே கிடந்தவங்க ஏராளம். அதை நிறுத்தத்தான் இந்தச் சட்டம். போன்ல உங்களுக்குக் கிடைச்ச பதில் அலட்சியம் இல்ல, சட்டம் அவங்க வாயைக் கட்டியிருக்கு.

அப்ப வழியே இல்லையான்னா, இருக்கு. இங்க எல்லாரும் "ஃபிஃப்டி ஒன் ஃபிஃப்டி"ன்னு சொல்ற 5150வது பிரிவு. போலீஸ்காரரோ, கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அதிகாரம் கொடுத்த மனநல ஊழியரோ ஒருத்தரை 72 மணி நேரம் வரைக்கும் பரிசோதனைக்குப் பிடிச்சு வைக்கலாம். மூணு காரணத்துல ஒண்ணு இருக்கணும்: தன்னைத் தானே காயப்படுத்திக்குவார், அடுத்தவரைக் காயப்படுத்துவார், இல்லன்னா மனநோயால தன் சோறு, துணி, இருப்பிடத்தைக்கூடப் பாத்துக்க முடியாத நிலையில இருக்கார். மூணாவதைத்தான் "கிரேவ்லி டிசேபிள்ட்"ன்னு சொல்வாங்க. 2023ல எஸ்.பி. 43ன்னு ஒரு திருத்தம் வந்து, தனக்கு வேண்டிய வைத்தியத்தையும் பாதுகாப்பையும் பாத்துக்க முடியாததையும், கடுமையான போதைப் பழக்கத்தையும் அதுல சேர்த்துட்டாங்க. சான் பிரான்சிஸ்கோ 2024 ஜனவரியிலயே ஆரம்பிச்சுது. பல கவுன்டிகள் கடைசித் தேதியான 2026 ஜனவரி வரைக்கும் இழுத்தடிச்சாங்க.

உங்க கேஸ்ல நீங்க எப்படிச் சொல்றீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. "ரொம்ப நாளா ஒரு மாதிரியா இருக்கார், தனியா பேசிக்கறார்"னு சொன்னா வந்தவங்க பாத்துட்டுத் திரும்பிடுவாங்க. தனியா பேசறது சட்டப்படி ஒரு காரணமே இல்ல. "சாப்பாட்டுல விஷம் கலந்திருக்குன்னு நம்பறார், செவ்வாய்க்கிழமையிலருந்து தண்ணி மட்டும்தான் குடிக்கறார், சர்க்கரை மாத்திரையும் நிறுத்திட்டார்"னு இருந்தா அது வேற. பொய் சொல்லாதீங்க, கூட்டியும் சொல்லாதீங்க. நீங்க கண்ணால பாத்ததைத் தேதி போட்டுச் சொல்லுங்க.

இதை எழுதியே கொடுத்திடுங்க. நம்ம ஆளுங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாத விஷயம் இதுதான். 2001ல வந்த ஏ.பி. 1424ங்கற சட்டப்படி, பிடிச்சு வைக்கறதான்னு முடிவு பண்றவர், குடும்பத்தார் கொடுக்கற பழைய விவரங்களையும் கணக்குல எடுத்துக்கணும். நிறைய கவுன்டிகள் இதுக்கு ஒரு படிவமே வச்சிருக்காங்க, அவங்க இணையதளத்துல கிடைக்கும். இல்லன்னா ஒரு வெள்ளைத் தாள் போதும். பேர், பிறந்த தேதி, எப்போ ஆரம்பிச்சுது, ஊர்ல முன்னாடி வைத்தியம் பாத்திருந்தா எந்த மருந்து எவ்வளவு மில்லிகிராம், எது ஒத்துக்கல, இப்ப என்ன பாத்தீங்க, உங்க போன் நம்பர். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுல ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டியில இருக்கறவர் ஒரு பக்கம் படிப்பார், அஞ்சு பக்கம் படிக்க மாட்டார். மூணு காப்பி எடுத்துக்கோங்க: வர்ற ஆளுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, உங்க கையில ஒண்ணு. அவர் சம்மதம் இல்லாம அவரைப் பத்தி ஆஸ்பத்திரி உங்ககிட்ட வாயைத் திறக்காது, அது ரகசியச் சட்டம். ஆனா நீங்க சொல்றதைக் கேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. "பேச முடியாது"ன்னு சொன்னா, "நீங்க பேச வேண்டாம், நான் சொல்றதைக் குறிச்சுக்கோங்க"ன்னு சொல்லுங்க.

யாரைக் கூப்பிடறது? உடனடி ஆபத்து இல்லன்னா 988, அது மனநல நெருக்கடிக்கான போன் எண். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேட்டுப் பாருங்க, மூணு பேர் லைன்ல வச்சுப் பேசலாம். ஒவ்வொரு கவுன்டிக்கும் இருபத்துநாலு மணி நேர மனநல எண்ணும், வீட்டுக்கே வர்ற நடமாடும் குழுவும் இருக்கு. நீங்க சான்டா கிளாராவுல இருந்தா டிரஸ்ட்னு ஒரு குழு, 988 மூலமா கேட்டா போலீஸ் இல்லாம வருவாங்க. கத்தி கித்தி எடுத்துட்டார்னா 911தான். கூப்பிட்ட உடனே "இது மனநல அவசரம், ஆயுதம் இருக்கு, சி.ஐ.டி. பயிற்சி எடுத்த அதிகாரி வேணும்"னு சொல்லிடுங்க. நம்ம ஊர் சி.ஐ.டி. இல்லைங்க இது! மனநல நெருக்கடியைக் கையாளப் பயிற்சி எடுத்தவங்க.

போலீஸ் வந்தா அக்கம்பக்கம் என்ன நினைக்கும்னு மாமியார் கேப்பாங்க, தெரியும். ஒண்ணு சொல்லி வைங்க: 5150 கைது இல்ல. கூட்டிட்டுப் போறவர், "நீங்க குற்றத்துக்காகக் கைது செய்யப்படல, மனநல நிபுணர்கள் பரிசோதிக்க இன்ன இடத்துக்கு அழைச்சுட்டுப் போறேன்"னு வாயால சொல்லணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. வீட்டுலருந்து கூட்டிட்டுப் போனா, கொஞ்சம் சாமான் எடுத்துக்கலாம், ஒரு போன் பண்ணலாம், எங்க போறோம்னு சீட்டு எழுதி வைக்கலாம்னும் சொல்லணும். அந்த நேரத்துல கண்ணாடியையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக் கொடுங்க. கயிறு வச்ச ஹூடி, ஷூ லேஸ், பெல்ட் எதுவும் வார்டுக்குள்ள விடமாட்டாங்க. நாடா இல்லாத பேன்ட்டா பாத்து வைங்க. வண்டியில ஏத்தும்போது சில ஊர் போலீஸ் விலங்கு போடும். பாக்கக் கஷ்டமா இருக்கும், அதைப் பாத்துட்டு நடுவுல புகுந்து சத்தம் போடாதீங்க.

72 மணி நேரம் அவரைப் பிடிச்ச நேரத்துலருந்து கணக்கு. பல பேரை அதுக்கு முன்னாடியே அனுப்பிடுவாங்கன்னு நினைச்சே தயாரா இருங்க. இன்னும் தேவைன்னு டாக்டர்கள் நினைச்சா 5250வது பிரிவுல 14 நாள் வரைக்கும் நீட்டிப்பாங்க. அப்ப நாலு நாளுக்குள்ள ஆஸ்பத்திரியிலயே ஒரு விசாரணை நடக்கும். அவருக்காகப் பேச கவுன்டி நியமிச்ச நோயாளி உரிமை வாதிடுபவர் இருப்பார், காசு இல்ல. அந்த விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்க. "அவன் இங்கிலீஷ் நல்லா பேசுவான்"னு விட்டுடாதீங்க, அந்த நிலையில யாருக்கும் ரெண்டாவது மொழி தடுமாறும். உள்ள இருந்தாலும் போன் பேச, தினம் பாக்க வர்றவங்களைப் பாக்க, சொந்தத் துணி போட்டுக்க உரிமை உண்டு. அவசரம் இல்லாத நேரத்துல மனநோய் மருந்தை வேண்டாம்னு சொல்லவும் உரிமை உண்டு. முடிவு எடுக்கற நிலையில அவர் இல்லன்னு தனியா ஒரு விசாரணை சொன்னாத்தான் கட்டாயமா கொடுக்க முடியும். குடும்பத்துக்கு இது எரிச்சலா இருக்கும். எனக்கே சில நேரம் இது அதிகம்னு தோணும்.

அடுத்தது கேர் கோர்ட். 2022ல வந்த சட்டம், 2024 கடைசியில எல்லா 58 கவுன்டியிலயும் வந்திடுச்சு. ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) மாதிரி நோய் இருக்கறவங்களுக்கு கவுன்டி வைத்தியம், தங்குமிட உதவி எல்லாம் கொடுக்கணும்னு சிவில் கோர்ட்ல மனு போடறது. கூடப் பிறந்தவங்க, அப்பா அம்மா, கூடவே குடியிருக்கறவங்க போடலாம். அதாவது உங்க வீட்டுக்காரர் போடலாம், நீங்களும் போடலாம். கட்டணம் இல்ல. கேர்-100ங்கற படிவம், கூட பொதுவா ஒரு மனநல நிபுணரோட வாக்குமூலம் வேணும். இதுலயும் மருந்தை வாயில திணிக்க முடியாது. பெருசா எதிர்பாக்காதீங்க, ஆனா 5150க்குப் போய்ட்டு மூணு நாள்ல அதே ரூமுக்குத் திரும்பி வந்தா, அடுத்து என்னன்னு கேக்க ஒரு இடம் வேணும் இல்லையா.

கேள்வி: நன்றிண்ணா, அழுகையே வந்திடுச்சு. பணம் யார் கட்டறது? எனக்கே ஒரு கவுன்சலிங் வேணும்போல இருக்கு, எச்4ல (வீட்டுக்காரரோட வேலை விசாவை ஒட்டி வர்ற விசா) இருக்கேன், இன்ஷூரன்ஸ் வீட்டுக்காரர் கம்பெனி வழியா. அவருக்குக் கடுதாசி போகுமா?

பதில்: கொழுந்தனாருக்கு யூனிவர்சிட்டி இன்ஷூரன்ஸ் இருக்கும், அந்த அட்டையைத் தேடி எடுங்க. கவுன்டி மனநலத் துறை முக்கியமா மெடி-கால் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு மாநிலம் கொடுக்கற இன்ஷூரன்ஸ்) காரங்களுக்கும் இன்ஷூரன்ஸ் இல்லாதவங்களுக்கும். அதுக்குக் காசு ஒரு பங்கு, பத்து லட்சம் டாலருக்கு மேல சம்பாதிக்கறவங்ககிட்ட வாங்கற ஒரு சதவீத வரியிலருந்து வருது. 2004ல ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்தது. ஷேர் வித்து லாபம் பாத்த நம்ம பசங்க சில பேரும் கட்டறாங்க. 2024 மார்ச்ல மறுபடி ஓட்டெடுப்பு வச்சு, அந்தப் பணத்தைப் போதை சிகிச்சைக்கும் செலவு பண்ணலாம்னு மாத்திட்டாங்க.

உங்களுக்கு வர்றேன். 2022 ஜூலையிலருந்து, மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட இன்ஷூரன்ஸ், நீங்க எடுத்த மனநல சிகிச்சை விவரத்தைப் பாலிசிக்காரர் பேருக்கு அனுப்பக் கூடாது. உங்க பேருக்குத்தான் வரணும். இருந்தாலும் மெம்பர் சர்வீஸுக்குப் போன் பண்ணி, என் கடிதம் எல்லாம் இந்த மின்னஞ்சலுக்குன்னு சொல்லி வச்சிடுங்க. பொதுவா அவசரம் இல்லாத கவுன்சலிங்குக்கு 10 வேலை நாளுக்குள்ள நேரம் கொடுக்கணும், சைக்கியாட்ரிஸ்ட்டுன்னா 15. "ரெண்டு மாசம் ஆகும்"னு சொன்னா கம்பெனிகிட்டப் புகார் கொடுங்க, சரி வரலன்னா மருத்துவ இன்ஷூரன்ஸைக் கண்காணிக்கற மாநிலத் துறையான டி.எம்.எச்.சி.யோட உதவி மையம், 888-466-2219. 2023ல கைசர்ங்கற பெரிய மருத்துவ இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையே இதுக்காக அபராதம் கட்ட வச்சவங்க அவங்க, 5 கோடி டாலர். ஒரு சிக்கல்: பெரிய டெக் கம்பெனிகள் நிறைய, இன்ஷூரன்ஸ் கம்பெனி பேரை அட்டையில போட்டுட்டு, பில்லைத் தாங்களே கட்டுவாங்க. செல்ஃப்-ஃபண்டட்னு பேரு. அதுக்கு இந்த மாநில விதிகள் பொருந்தாது. மத்தியச் சட்டம்தான். எச்.ஆர்.கிட்ட, "நம்ம பிளான் செல்ஃப்-ஃபண்டடா?"ன்னு மட்டும் கேளுங்க. ஏன் கேக்கறீங்கன்னு சொல்லத் தேவையில்ல.

கேள்வி: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் ரூம்மேட் தினம் குடிக்கிறான். போன வாரம் குடிச்சுட்டு வண்டி ஓட்டி டி.யு.ஐ. கேஸ்ல மாட்டிட்டான். எச்1பி வேலை விசாவுல இருக்கான். சிகிச்சைக்குப் போனா வேலை, விசா போயிடுமா?

பதில்: தம்பி, விசாவுக்கு ஆபத்து சிகிச்சையில இல்ல, டி.யு.ஐ.லதான். கைதானாலே பாஸ்போர்ட்ல இருக்கற விசா முத்திரையை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து பண்ணலாம், தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. இங்க வேலை பாக்கறது அதனால உடனே நிக்காது. ஆனா ஊருக்குப் போனா புது முத்திரை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிச்சுத்தான் திரும்ப முடியும். அதனால தங்கச்சி கல்யாணம்னு டிக்கெட் போட்டிருந்தா முதல்ல இமிக்ரேஷன் வக்கீல். அதைவிட அவசரம், லைசென்ஸ் விஷயமா டி.எம்.வி.கிட்ட (லைசென்ஸ் கொடுக்கற மாநிலத் துறை) விசாரணை கேக்க 10 நாள்தான். போன வாரம்னா இன்னிக்கே கேளு.

வேலை பத்தி: 25 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனி, குடி, போதை சிகிச்சைக்குத் தானா முன்வந்து சேர்ற ஊழியருக்கு முடிஞ்ச வரைக்கும் லீவு கொடுக்கணும்னு மாநிலத் தொழிலாளர் சட்டம் சொல்லுது. சம்பளச் சீட்டுல சி.ஏ.எஸ்.டி.ஐ.ன்னு (உடம்பு முடியாம வேலைக்குப் போக முடியாதவங்களுக்கான மாநில இன்ஷூரன்ஸ்) பிடிச்சிருப்பாங்க பாரு, டாக்டர் சான்று கொடுத்தா அந்த நிதியிலருந்து சம்பளத்துல ஒரு பங்கு கிடைக்கும். போதை சிகிச்சைப் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவப் பதிவைவிட இறுக்கமான மத்திய ரகசிய விதி இருக்கு, அவன் கையெழுத்து இல்லாம மேனேஜருக்குப் போகாது.

இன்னொண்ணு. கஞ்சாக் கடை தெருவுக்குத் தெரு இருக்கு, 21 வயசானா மாநிலச் சட்டத்துல குத்தம் இல்ல. ஆனா விசாவும் கிரீன் கார்டும் மத்திய அரசு விஷயம், அவங்களுக்கு அது இன்னும் குத்தம்தான். டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லணும், இமிக்ரேஷன் ஆபீசர்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல மாட்டாம இருக்க, வக்கீலைப் பாக்காம எந்தப் படிவத்துலயும் பதில் எழுத வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லு. போலீஸ் கொடுத்த பிங்க் கலர் தாளையும் கோர்ட் தேதிச் சீட்டையும் பத்திரமா வைக்கச் சொல்லு, வக்கீல் முதல்ல அதைத்தான் கேப்பார்.