கமுக்கச் சோதனை: ஒரு கலைச்சொல் பரிந்துரை

வணக்கம்.

ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பைப் பார்க்க, அதன் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லாமலே தாக்குபவர்போல் உள்ளே நுழைந்து பார்க்கும் சோதனைக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சுக்கு இது என் பதில். 'முன்னறிவிப்பற்ற ஊடுருவல் சோதனை' பொருளில் சரிதான். ஆனால் பேச்சில் இரண்டாம் முறை சொல்லும்போதே எல்லாரும் பென்டெஸ்ட் என்ற ஆங்கிலச் சுருக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். வாயில் நிற்கிற சொல் வேண்டும்.

இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த 'திடீர்ச் சோதனை' ரெய்டுக்குப் பழகிவிட்டது. அங்கே அதிகாரி வந்ததுமே தான் யாரென்று சொல்லிவிடுகிறார். நம் சோதனையாளரோ பராமரிப்பு ஊழியர்போல் நுழைவார், போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைக் கறப்பார், பிடிபடும்வரை தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார். பாதுகாப்புப் பிரிவு அதை உண்மைத் தாக்குதலாகவே நினைக்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்தார்கள், யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் இங்கே அளவு.

'ஒற்றாடல்' அழகான சொல். தம்மிடம் வேலை செய்பவரையும் ஆராய்வது ஒற்று என்று குறளிலேயே (584) இருக்கிறது. ஆனால் ஒற்று ஆளைச் சந்தேகிக்கும் சொல். ஏமாந்த ஊழியரைக் குற்றவாளியாக்கும் சோதனை என்ற எண்ணம் வந்துவிட்டால், அடுத்த முறை யாரும் வாய்திறந்து புகார் சொல்ல மாட்டார்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன்.

என் பரிந்துரை 'கமுக்கச் சோதனை'. கமுக்கம் என்றால் யாருக்குமே தெரியாது என்றில்லை. தெரிந்த சிலர் வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தச் சோதனையின் அமைப்பும் அதேதான். ஐரோப்பிய மத்திய வங்கி 2018-இல் வெளியிட்ட டைபர் (TIBER-EU) நெறிமுறை, நிதி நிறுவனங்களில் இப்படிப்பட்ட சோதனையை நடத்துவதற்கானது. அதில், விஷயம் தெரிந்த சிறு குழு வெள்ளைக் குழு. எதுவும் தெரியாமல் காவல் காப்பது நீலக் குழு. முன்னதை 'கமுக்கக் குழு' என்றே சொல்லிவிடலாம்.

அப்புறம், சோதனையாளர் கையில் இருக்கும் அனுமதிக் கடிதம். அதற்கும் இப்போதே பெயர் வைக்க வேண்டும். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், இரவில் நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்த சோதனையாளர் இருவர் கைதானார்கள். மாநில நீதித்துறைதான் அவர்களை அமர்த்தியிருந்தது, கடிதமும் காட்டினார்கள். கட்டடம் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சொந்தம், மாநிலம் எப்படி அனுமதி தரலாம் என்று கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் பிடிவாதமாக நின்றுவிட்டார். வழக்கு கைவிடப்பட்டது 2020 ஜனவரியில்தான்.

'இசைவுக் கடிதம்' எனக்கு மென்மையாகப் படுகிறது. 'இசைவாணை' எப்படி? ஆணை என்றதுமே, அதைக் கொடுக்க இவருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழும். அயோவாவில் தகராறு வந்ததும் அந்த இடத்தில்தான்.