எச்.265, 10 பிட், 4:2:2 கோப்புகளுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கொட்டாஞ்சேனையில் எடுத்த கலியாண வீடியோ, இரண்டு கேமரா. ஒன்றின் எச்.264 (வழமையான வீடியோ சுருக்க முறை) கோப்புகள் ஒழுங்காக ஓடுகின்றன. மற்றது எச்.265 (இன்னும் கூடச் சுருக்கும் புதிய முறை), 10 பிட், 4:2:2 (நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் அமைப்பு). எடிட்டிங் மென்பொருளில் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. விஎல்சி பிளேயரில் அதே கோப்பு ஓடுகிறது, ஆகவே கோப்பு பழுதில்லை.

பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் ஒரு இலகுவான நகல்) செய்யச் சொல்கிறார்கள். ஆனால் எக்ஸ்போர்ட்டில் மூலக் கோப்பைத்தானே தேடும்? எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் (எடிட்டிங்குக்கான, குறைவாகச் சுருக்கும் வடிவம்) ஆக்கினால் 10 பிட் நிறம் அப்படியே நிற்கும். ஆனால் 4கே-யில் கோப்பு பல மடங்கு வீங்கும், டிஸ்கில் அவ்வளவு இடமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கேட்பது 1080பி தான் (அதையும் வாட்ஸ்அப்பில்தான் பார்ப்பார்கள்!). மாற்றும்போதே 1080பிக்குக் குறைத்தால், தாலி கட்டும் காட்சியைக் கிராப் செய்யும்போது மங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் யாராவது இருந்தால் ஹார்ட் டிஸ்க்கோடு நேரிலும் வருவேன்.